13 தோட்டாக்களின் பெட்டி

மைசூரு தசராவின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அரண்மனையில் உடையார் குடும்பத்து வாள்களும் பட்டத்து யானையும் பட்டத்துக் குதிரையும் பூஜைக்கு நிற்கும். கர்நாடகத்தின் காவல் நிலையங்களிலும் ஆயுதப்படைக் கிடங்குகளிலும் அந்த நாட்களில் துப்பாக்கிகளைத் துடைத்து, மேசை மீது வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமந்திச் சரம் சாத்துவார்கள். நீளத் துப்பாக்கிகளுக்கு நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் கைக்கடக்கமாகச் சில பிஸ்டல்களும் இருக்கும். நம் நாட்டுக் காவல் துறைகளில் பரவலாகப் புழங்கும் அந்த ரகத்துக்கு அரசுக் கணக்கில் ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ’ என்று பெயர். விசைக்குப் பின்னால் பிடியின் பக்கவாட்டிலிருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் பிடிக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே வரும். அதுதான் மேகசின். 13 தோட்டா பிடிக்கும். மைசூருவில் உள்ள கர்நாடகப் போலீஸ் அகாடமி போன்ற பயிற்சிக்கூடங்கள் வரை வந்து சேர்ந்த இந்தப் பெட்டியின் பூர்வீகம் பெல்ஜியத்தில் இருக்கிறது. வரும் வழியில் அது கனடாவையும் சீனப் போரையும் வங்காளத்து ஹூக்ளிக் கரையையும் பார்த்திருக்கிறது.

துப்பாக்கி என்றதும் குழலையும் விசையையும்தான் எல்லோரும் நினைப்பார்கள். மேகசினை யாரும் பொருட்படுத்துவதில்லை. மடித்த எஃகுத் தகடு, உள்ளே ஒரு சுருள்வில், வில்லின் தலையில் தோட்டாவைத் தாங்கும் ஒரு தட்டு, உச்சியில் உட்புறமாக வளைந்த இரண்டு உதடுகள். பார்க்க அவ்வளவுதான். ஆனால் தானியங்கித் துப்பாக்கி நின்றுபோகும்போது, பழகிய ஆயுதக் காப்பாளர் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பெட்டியைத்தான். உதடு ஒரு நூலளவு விரிந்தாலோ நசுங்கினாலோ தோட்டா தலைநிமிர்ந்து குழல்வாயில் முட்டி நிற்கும். எந்தத் தோட்டாவுக்கு என்று அளந்து செய்தார்களோ அதற்கு மட்டுமே அந்த உதடுகள் சரியாகத் திறக்கும். வேறு அளவுத் தோட்டாவை இதே பெட்டியில் போடலாமா என்பது துப்பாக்கி பழகுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி. இந்தப் பெட்டியின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், அந்தக் கேள்விக்குப் பாதி பதிலை எந்திரமும் மீதிப் பாதியை அரசாங்கங்களும் சொல்லியிருப்பது தெரிகிறது.

இந்தக் கவலையே இல்லாத காலம் ஒன்று மைசூரு நாட்டிலேயே இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் திப்பு சுல்தானுக்காகச் செய்த பிஸ்டல்களில், ஒன்றுக்கு விசைப்பொறி வலப்பக்கமும் அதன் ஜோடிக்கு இடப்பக்கமுமாக அமைந்தவை உண்டு. சக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எழுந்து, ஒரு குண்டு போகும். பிறகு வாய்வழியாக மருந்து இட்டு, குண்டு இட்டு, கெட்டிக்க வேண்டும். ஈயத்தை உருக்கி அந்தக் குழலுக்கேற்ற அச்சில் ஊற்றினால் குண்டு தயார். 1799-இல் கோட்டை விழுந்தபோது அந்தத் துப்பாக்கிகள் கொள்ளைப் பொருளாகக் கப்பலேறிப் போயின. நூறாண்டு கழித்துத் துப்பாக்கிகள் திரும்பி வந்தபோது, மருந்தும் குண்டும் பித்தளைக் கூட்டுக்குள் ஒன்றாகி, பல தோட்டாக்கள் ஒரே பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன.

13 தோட்டாப் பெட்டியின் பிறப்பு 1920-களின் தொடக்கத்தில். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரெஞ்சு ராணுவம் புதிய பிஸ்டல் ஒன்றைக் கேட்டது. தோட்டா நிறையப் பிடிக்க வேண்டும். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடக் கூடாது. பெல்ஜியத்தின் எர்ஸ்தால் நகரத்து எஃப்.என். நிறுவனம் இந்தப் பணியை ஜான் மோசஸ் பிரௌனிங்கிடம் கொடுத்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். 20-ஆம் நூற்றாண்டின் துப்பாக்கிகளில் பாதி ஏதோ ஒரு விதத்தில் அவர் கைபட்டவை என்றால் மிகையாகாது. அவருடைய புகழ்பெற்ற 1911 பிஸ்டலின் மேகசினில் 7 தோட்டா ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் பெட்டியை நீட்ட வேண்டும். நீட்டினால் பிடி கைக்கு மீறித் தொங்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பிரௌனிங்கின் உதவியாளராக இருந்த தியூதொன்னே சேவ். தோட்டாக்களை இரண்டு வரிசையாக, ஒன்றின் இடுக்கில் ஒன்று பொருந்தும்படி அடுக்கினார். பெட்டியின் மேற்பகுதியை இருபுறமும் ஒடுக்கி, மேலே வரவர இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்து, ஒற்றைத் தோட்டாவாக உதட்டுக்குள் நிற்கும்படி செய்தார். பெட்டி தடித்தும் பிடி கைக்கடக்கமாகவே இருந்தது. இன்று உலகம் முழுக்கப் போலீஸ்காரர்கள் இடுப்பில் வைத்திருக்கும் பெரும்பாலான பிஸ்டல்களின் மேகசின் இந்த வடிவத்தின் வாரிசுதான். அந்தத் துப்பாக்கியின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தப் பெட்டி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் துப்பாக்கிக்கு நிலைத்தது பிரௌனிங்கின் பெயர். அவர் 1926 நவம்பரில் லியேஜில் பணியிடத்திலேயே இறந்துபோனார். அவர் பெயரிலான காப்புரிமை 1927-இல் கிடைத்தது. கோல்ட் நிறுவனத்திடம் இருந்த 1911-இன் உரிமைகள் 1928-இல் காலாவதியாக, அதிலிருந்து நல்ல அம்சங்களை எடுத்துச் சேர்த்து சேவ் வேலையை முடித்தார். 1935-இல் பெல்ஜிய ராணுவம் அதை ஏற்றது. ‘ஹை பவர்’ என்ற பெயர் தோட்டாவின் வேகத்தைச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது 13 என்ற எண்ணிக்கைக்கு வந்த பெயர். கேட்ட பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் வாங்கவில்லை.

வாங்காவிட்டாலும் அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்று துப்பாக்கிக்குள் தங்கிவிட்டது. மேகசினை உருவிவிட்டால் விசையை இழுத்தாலும் வேலை செய்யாது. பெட்டியைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நம்பி, குழலுக்குள் ஒரு தோட்டா மீந்திருப்பதை மறந்து நேரும் விபத்துகள் எல்லா நாட்டுக் காவல் துறையிலும் உண்டு. அந்தத் தவறுக்கு இது ஓரளவு தடுப்பு. குறி பார்த்துச் சுடுகிறவர்கள், விசை இழுப்பு கரடாகிறது என்று இந்த அமைப்பைக் குறை சொல்வார்கள். நூற்றுக்கணக்கான புதியவர்களிடம் ஆயுதம் கொடுக்கும் ஒரு பயிற்சிக்கூடத்தில் நின்று யோசித்தால் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம்தான் நியாயம்.

1940 மே மாதம் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்தார்கள். எர்ஸ்தால் தொழிற்சாலை அவர்களுக்காக இதே பிஸ்டலை 3 லட்சத்துக்கு மேல் செய்து கொடுத்தது. சேவும் சகாக்களும் இங்கிலாந்துக்குத் தப்பினார்கள். அந்தச் சமயத்தில் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தப் பிஸ்டல் தேவைப்பட்டது. கனடாவிடம் 1,80,000 கேட்டது. கனடாவின் டொரண்டோவில் கொதிகலன்கள் செய்துவந்த ஜான் இங்லிஸ் நிறுவனம் பணியை ஏற்று, சீனரிடமிருந்த பெல்ஜியப் பிஸ்டல்களைப் பிரித்து அளந்து வரைபடம் போட்டது. 1944-இல் உற்பத்தி தொடங்கி, போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிஸ்டல்கள் வெளிவந்தன. ஒரே பிஸ்டல், ஒரே பெட்டி. போரின் இரு தரப்புக்கும் உழைத்தது. போருக்குப் பின் பிரிட்டன் 1954-இல் இதையே தன் ராணுவப் பிஸ்டலாக ஏற்றது. 2013-இல்தான் கிளாக் 17-க்கு மாறத் தொடங்கியது.

இந்தியாவில் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள ஈஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை இதே வடிவத்தைச் செய்தது. அங்கிருந்துதான் அது ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் மாநிலக் காவல் துறைகளுக்கும் போனது. பெல்ஜியத்தில் பிறந்து, கனடாவில் பிரதியெடுக்கப்பட்டு, வங்காளத்தில் வார்க்கப்பட்ட பெட்டி 13 என்ற கணக்கை மாற்றவே இல்லை. சுருள்வில் தளராமல் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு குறைத்து நிரப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு.

இந்தப் பெட்டி வேறு எந்தத் தோட்டாவை ஏற்கும்? ஏற்க வேண்டுமானால் மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும். தோட்டாவின் அடிப்பாகத்துக் குறுக்களவு, நுனி முதல் அடி வரையிலான மொத்த நீளம், உடலின் சரிவு. 9 மி.மீ. தோட்டாவின் முழு விவரம் 9×19: குண்டின் குறுக்களவு 9, பித்தளைக் கூட்டின் நீளம் 19. மொத்த நீளம் 29.7 மி.மீ. அளவில் இருக்கும். ஜெர்மனியில் கேயார்க் லூகர் முதலில் செய்தது 7.65 மி.மீ. குண்டு கொண்ட, கழுத்து ஒடுங்கிய தோட்டா. குண்டு இன்னும் கனமாக வேண்டும் என்ற கோரிக்கை வந்ததும் 1902 வாக்கில் அதே கூட்டின் ஒடுங்கிய கழுத்தை விரித்து 9 மி.மீ. குண்டைப் பொருத்தினார். அடிப்பாகம் அதுவே, மொத்த நீளமும் ஏறக்குறைய அதுவே. அதனால் லூகர் பிஸ்டலின் மேகசின் இரண்டுக்கும் பொது. குழலை மாற்றினால் போதும். எஃப்.என். நிறுவனமும் இந்த உறவைப் பயன்படுத்தியது. ராணுவத் தோட்டாவைக் குடிமக்களுக்குத் தராத சில நாடுகளுக்காக ஹை பவரை 7.65 லூகர் தோட்டாவுக்குச் செய்து விற்றது. குழலின் துளை மாறியது, சேவின் பெட்டி அப்படியே இருந்தது.

இத்தாலியில் இதைவிடச் சுவையான ஒன்று நடந்தது. அங்கும் 9×19 நெடுங்காலம் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை. துப்பாக்கி செய்கிறவர்கள் கூட்டை 2 மி.மீ. நீட்டி 9×21 என்று ஒரு தோட்டாவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக இறக்கியதால் மொத்த நீளம் பழையதுதான். அதே மேகசினில் அப்படியே அமர்ந்தது. பெட்டியின் கணக்கில் இரண்டும் ஒன்று, சட்டத்தின் கணக்கில் வேறு வேறு.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போனது. 1857-க்குப் பின் ஆங்கிலேய அரசின் ஆயுதக் கொள்கை முழுவதையும் ஓர் அச்சம் ஆட்டிவைத்தது: படையிடமிருந்து தோட்டா வெளியே போனால் பொதுமக்களின் துப்பாக்கியில் அது பொருந்திவிடக் கூடாது. .303 ரைஃபிள் தோட்டா பொதுமக்களுக்குத் தடையானது இப்படித்தான். சிறைக் காவலர்களுக்கும் போலீசுக்கும் ஈஷாபூர் செய்துகொடுத்த .410 மஸ்கட் இந்த அச்சத்தின் நேரடிச் சாட்சி. .303 ரைஃபிளின் குழலை மாற்றி, மேகசின் இருக்க வேண்டிய குழியில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டா. காவலருக்கு ஆயுதம் வேண்டும், ஆனால் அவரை முழுதாக நம்பவும் மனமில்லை. அந்த மரக்கட்டைக்கு வேறு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் இந்தப் பிரிவினையைத் தொடர்ந்தன. 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் பெற்ற குடிமகன் வழக்கமாக வாங்குவது .32. அதற்கென அரசுத் தொழிற்சாலை செய்த பிஸ்டல்தான் ‘அஷானி’. அது சுடும் .32 பிஸ்டல் தோட்டாவும் பிரௌனிங் 1899-இல் எர்ஸ்தாலுக்காக வடிவமைத்ததுதான். ஒரே மனிதரின் இரண்டு படைப்புகளை நம் சட்டம் போலீசுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என்று பங்கிட்டிருக்கிறது.

இந்த .32 தோட்டாவை 9 மி.மீ. மேகசினில் போட முடியாது. மொத்த நீளம் 25 மி.மீ.தான், பெட்டிக்குள் முன்னும் பின்னும் ஆடும். இன்னொரு தகராறும் உண்டு. அதன் அடியில் உடலைவிடச் சற்றே வெளியே துருத்தும் விளிம்பு இருக்கிறது. மேலிருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழிருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கியாக மாட்டிக்கொண்டு மேலே வராது. .32-க்கென்று செய்த மேகசினிலேயே கவனமில்லாமல் நிரப்பினால் இது நடக்கும்.

பெயரை மட்டும் நம்புவதால் வரும் குழப்பம் இதைவிடப் பெரிது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைக் கொன்ற இத்தாலியப் பெரெட்டா பிஸ்டலைப் பற்றி எழுதும்போது 9 மி.மீ. என்றே எழுதுவார்கள். அது 9×17, ‘ஷார்ட்’ எனப்படும் குட்டைத் தோட்டா. ஈஷாபூர்ப் பெட்டிக்கும் அதற்கும் பொருத்தம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் குட்டை 9-க்கும் .32-க்கும் மொத்த நீளம் ஒன்று. அதனால் எஃப்.என். 1910 பிஸ்டலில் குழலை மாற்றினால் இரண்டில் எதற்கும் அது பொருந்தும்; .32 என்றால் 7 தோட்டா, குட்டை 9 என்றால் 6.

.32-லும் இரண்டு உண்டு. நம் அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர் சுடுவது 23 மி.மீ. கூடு கொண்ட நீளத் தோட்டா. பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. இரண்டும் உரிமப் புத்தகத்தில் .32 என்றே ஏறும். ரிவால்வருக்குப் பிறந்த அந்த நீளத் தோட்டாவுக்கு விளையாட்டில் ஒரு மறுவாழ்வும் கிடைத்தது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் பலரும் அதைத்தான் சுடுகிறார்கள். குண்டின் மூக்கைத் தட்டையாக்கி, கூட்டின் வாயோடு வாயாக இறக்கியிருப்பார்கள். அதற்கென 5 தோட்டா மேகசின் தனியாகச் செய்கிறார்கள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான். இத்தகைய பிஸ்டல்களில் வால்தர் ஜி.எஸ்.பி. போன்றவற்றில் .22-க்கும் .32-க்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குழலோடு மேகசினையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கர்நாடகத்தில் இந்த எண்கள் வேறொரு காரணத்துக்காகவும் செய்தியில் வந்தன. 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் எம்.எம். கல்புர்கியும், 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் கௌரி லங்கேஷும் கொல்லப்பட்டார்கள். இரண்டிலும் 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி, இரண்டும் ஒரே துப்பாக்கி என்று கர்நாடகத் தடயவியல் ஆய்வகம் அறிக்கை தந்தது. இந்த 7.65 மேலே வந்த லூகர் தோட்டா இல்லை; இங்கே 7.65 என்பதும் .32 என்பதும் ஒரே பிஸ்டல் தோட்டாவின் இரு பெயர்கள். பொதுமக்களுக்கு அனுமதித்த தோட்டாவே கடைகளில் கிடைக்கும் தோட்டா. கள்ளப் பட்டறைகளும் அதற்கேற்பத்தான் செய்கின்றன. ராணுவத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கிக்குள் போகக் கூடாது என்று நூறாண்டாகக் காத்த வேலி, இந்தப் பக்கத்தைக் காக்கவில்லை. ஒரு சிந்தனையாளரையும் ஒரு பத்திரிகையாளரையும் வீட்டு வாசலில் பறிகொடுத்த மாநிலம் இது என்பதை மறந்துவிட்டுத் தோட்டா அளவுகளைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒரே தோட்டா என்றாலும் பெட்டி ஒன்றாகிவிடாது என்பதற்குக் காவல் கிடங்கிலேயே சான்று இருக்கிறது. பிஸ்டலோடு அதே 9×19 தோட்டாவைச் சுடும் இன்னொரு ஆயுதம் ‘கார்பைன் 1ஏ’; பிரிட்டனில் ஜார்ஜ் பாட்செட் வடிவமைத்த ஸ்டெர்லிங், கான்பூரில் செய்தது. அதன் மேகசின் வளைந்தது, 34 தோட்டா பிடிக்கும். தோட்டா பின்புறம் பருத்து முன்புறம் மெலிவதால் அடுக்க அடுக்க வரிசை தானாக வளையும். பெட்டியும் அதற்கேற்ப வளைந்தது. உள்ளே தாங்கு தட்டுக்குப் பதில் இரண்டு உருளைகள் ஓடுவதால் மண் புகுந்தாலும் சிக்காது. கிடங்குக் கணக்கில் தோட்டா இரண்டுக்கும் ஒரே தலைப்பில் வரலாம். மேகசினுக்கு இரண்டு தலைப்பு வேண்டும்.

ஹை பவரின் பெட்டி முதன்முறையாகத் தோற்றது 1990-களில். அமெரிக்கப் போலீஸ் .40 என்ற 10 மி.மீ. குறுக்களவுத் தோட்டாவுக்கு மாறியபோது எஃப்.என். நிறுவனமும் ஹை பவரை அதற்கேற்பச் செய்தது. மேல்சட்டத்தைக் கனமாக்க வேண்டியிருந்தது. பருத்த தோட்டா அதே பிடிக்குள் 10 மட்டுமே அடங்கியது. 9 மி.மீ. பெட்டி அதற்கு உதவாது. 2018-இல் ஹை பவர் தயாரிப்பே நின்றது. 2022-இல் அதே பெயரில் புதிய பிஸ்டலை எஃப்.என். கொண்டுவந்தது. 9×19 தோட்டாதான், 17 பிடிக்கும். அதன் மேகசின் பழையதில் நுழையாது, பழையது இதில் நுழையாது. ஈஷாபூர் தொழிற்சாலை இன்று, 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபின் உருவான கான்பூர்த் தலைமையகம் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது.

தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். .32 என்றோ 9 என்றோ சொல்லித் தோட்டாவோ மேகசினோ கேட்காதீர்கள். குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரைப் படித்து, கூட்டின் நீளத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போது, உங்கள் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்ப்பதோடு மேகசினும் அதனுடையதுதானா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ மாவட்ட ஆயுதப்படையின் ஆயுதக் காப்பாளரிடமோ காட்டிக் கேட்டுவிட்டே பெட்டியை உள்ளே தள்ளுங்கள்.